கொலையாளியைக் காட்டிக்கொடுக்காமல் கொலைக் கதையை விமர்சிப்பது

மர்மப் படத்தின் முடிவை உடைக்கும் விமர்சனங்கள் பெரும்பாலும் முடிவைச் சொல்வதே இல்லை. இன்னார்தான் கொலையாளி என்று பச்சையாக எழுதுபவர் அரிது. உடைவது வேறு இடத்தில். "இரண்டாம் பாதியில் இவர் நடிப்பு மிரட்டல்" என்று ஒரு வரி வரும். முதல் பாதியில் இரண்டே காட்சியில் வந்துபோகும் குடும்ப டாக்டரைப் பற்றி அப்படி எழுதிவிட்டால், படித்தவர் தியேட்டரில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து அந்த டாக்டர் மேலேயே கண்ணாக இருப்பார். எழுத்தாளரும் இயக்குநரும் படத்தொகுப்பாளரும் மாதக்கணக்கில் உழைத்து ஒளித்துவைத்தது, நடிகரைப் பாராட்டும் நல்லெண்ணத்தில் போய்விடும்.

மற்ற படங்களைப் பற்றி எழுதும்போது கதையின் மையத்தைத் தொட்டுப் பேசலாம். இங்கே மையமே மறைவில் இருக்கிறது. அதைத் திறந்து காட்டாமல், அது நேர்மையாக மறைக்கப்பட்டதா, பார்ப்பவரை ஏமாற்றி மறைக்கப்பட்டதா என்று சொல்லியாக வேண்டும். ட்விஸ்ட் எதிர்பாராததாக இருந்தது என்பது ஒரு பாராட்டே இல்லை. கதையில் அதுவரை தலைகாட்டாத ஒருவரைக் கடைசி ரீலில் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது எதிர்பாராததுதான். திரும்பிப் பார்க்கும்போது விடை நம் கண் முன்னாலேயே இருந்ததா என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு தடவை பார்த்தால் போதாது.

முதல் தடவை ரசிகராகவே பாருங்கள். உள்ளங்கை அளவு நோட்டும் ஒரு பென்சிலும் போதும். செல்போனில் குறிப்பெடுத்தால் பின்வரிசைக்காரருக்கு இடைஞ்சல். நம் கண்ணும் இருட்டுக்குப் பழகாமல், இருண்ட காட்சிகளில் ஓரத்தில் நிற்பதைத் தவறவிடும். வரிக்கு ஒரு சொல், பெரிய எழுத்தில், தாராளமாக இடம் விட்டு எழுதினால் இருட்டில் எழுதியது ஒன்றன்மேல் ஒன்று விழாது. யார்மேல் சந்தேகம் விழுகிறது, கேமரா எந்தப் பொருளின் மேல் தேவைக்கு மேல் நிற்கிறது, எந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறார் என்பவற்றைக் குறித்தால் போதும். நடிப்பு, இசை, ஒளிப்பதிவு பற்றிய குறிப்புகளை இரண்டாம் தடவைக்கு விட்டுவிடலாம்.

இன்டர்வல் விளக்கு போட்டதும், கேன்டீனுக்குப் போவதற்கு முன் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இப்போது யார்மேல் சந்தேகம், எதனால். முழு நோட்டிலும் மதிப்புள்ளது இந்த இரண்டு வரிதான். முடிவு தெரிந்துவிட்ட பிறகு மனம் பழைய நினைவைத் திருத்தி எழுதிவிடுகிறது. "எனக்கு முதலிலேயே தெரியும்" என்று நாமே உண்மையாக நம்புவோம். அந்த நம்பிக்கையில் எழுதப்படும் "எளிதில் ஊகிக்க முடிகிறது" என்ற தீர்ப்பு எத்தனையோ நல்ல படங்களுக்கு அநியாயம் செய்திருக்கிறது. தொடராக இருந்தால் ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் இதையே செய்ய வேண்டும். அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை ஓடிடி செயலியின் அமைப்பில் நிறுத்திவிடுங்கள். அது தரும் சில நொடிகளில் எதையும் எழுத முடியாது.

அடுத்து, கதை எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். யார் செய்தது என்பதா, எப்படிச் செய்தது என்பதா, ஏன் செய்தது என்பதா, செய்தவர் மாட்டுவாரா என்பதா? இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் விமர்சனம் முழுவதும் தடம் மாறிவிடும். கொலையாளியை முதலிலேயே காட்டிவிட்டு, அவர் எப்படிப் பிடிபடுகிறார் என்று சொல்லும் தலைகீழ் வகையை ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-லேயே சிறுகதைகளில் செய்து காட்டினார். 1971-ல் தொடராக வரத் தொடங்கிய கொலம்போ அந்த வகையைத் தொலைக்காட்சியில் வேரூன்றச் செய்தது. ஜீத்து ஜோசப் 2013-ல் மலையாளத்தில் எடுத்த திரிஷ்யமும் யார் செய்தது என்று கேட்கும் படம் இல்லை. நடந்தது நமக்குத் தெரியும். குடும்பம் தப்புமா என்றுதான் பதைக்கிறோம். இப்படிப்பட்ட கதையைப் பார்த்துவிட்டு "சஸ்பென்ஸ் முதலிலேயே உடைந்துவிடுகிறது" என்று எழுதுவது அது கேட்காத கேள்விக்கு மதிப்பெண் போடுவது.

யார் செய்தது என்ற வகையில் நேர்மை என்றால் என்ன என்பதற்கு எழுதப்பட்ட விதிகளே உண்டு. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும். துப்பறிபவர் கண்ட தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும். இரட்டையர் வருவதானால் அதற்கு முன்பே தயார் செய்திருக்க வேண்டும். இவை இன்றும் செல்லும். மற்றவற்றில் சில காலாவதியாகிவிட்டன, ஒன்று அப்பட்டமான இனவாதம். விதியை மீறினாலே மோசம் என்பதும் இல்லை. மீறுபவர் தெரிந்து மீறுகிறாரா, அதற்கு ஈடாக என்ன தருகிறார் என்று பார்க்கலாம்.

தமிழில் இதைப் பயில நல்ல பாடம் அந்த நாள் (1954). எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த படம், பாட்டு இல்லை, நடனம் இல்லை. சென்னை மீது ஜப்பான் குண்டு வீசிய 1943 அக்டோபர் 11-ஐ ஒட்டிக் கதை நடக்கிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு இறக்கிறார். வேடத்தில் சிவாஜி கணேசன். ஒரு பெரிய கதாநாயகனைத் தொடக்கத்திலேயே பிணமாகக் கிடத்திவிட்டுத்தான் படம் தொடங்குகிறது. ஜாவர் சீதாராமன் நடித்த சி.ஐ.டி. அதிகாரி விசாரிக்கிறார், விசாரிக்கப்படுபவர்கள் ஆளுக்கொருவரைக் கைகாட்டுகிறார்கள், அவர்கள் சொல்வது காட்சியாக விரிகிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தக் காட்சிகள் யாருடைய வாய்மொழி என்பதில் படம் ஒருபோதும் குழப்புவதில்லை. சொல்பவர் தவறாக நினைக்கலாம், பொய்யும் சொல்லலாம். படம் பொய் சொல்வதில்லை. முடிவை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுபது வருடத்துக்கு மேலானாலும் அதை இன்றுதான் முதல் முறை பார்க்கப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாத்திரம் பொய் சொல்வதற்கும் படமே பொய் சொல்வதற்கும் இடையிலான கோடு மெல்லியது. ஹிட்ச்காக்கே ஒரு படத்தில் பொய்யான ஃபிளாஷ்பேக் ஒன்றை உண்மைபோலக் காட்டிவிட்டு, அது தவறு என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். எந்தப் படம் என்று சொன்னால், பார்க்காதவருக்கு அந்தப் படமே போய்விடும். அதனால்தான் "சிறந்த பத்து ட்விஸ்ட் படங்கள்", "கதை சொல்பவரே பொய் சொல்லும் படங்கள்", "இரட்டையர் மர்மங்கள்" போன்ற பட்டியல்கள் ஆபத்தானவை. பட்டியலின் தலைப்பே விடை. விமர்சனத்தின் நடுவே "இது அந்தக் கொரியப் படத்தை நினைவூட்டுகிறது" என்று எழுதும்போதும் இதே விபத்து நடக்கும், அதுவும் ஒரே வரியில் இரண்டு படங்களுக்கு. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஒளிப்பதிவையோ நகரத்தைக் காட்டும் விதத்தையோ ஒப்பிடுங்கள், கதையின் பொறியை ஒப்பிடாதீர்கள்.

இரண்டாம் தடவை பார்ப்பதில்தான் விமர்சனம் உருவாகிறது. ஓடிடியில் கிடைத்தால் நிமிடக் கணக்கோடு குறிக்கலாம். தியேட்டரில் மட்டும் ஓடும் படமென்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்து, படம் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கிட்டுக் கொள்ள வேண்டியதுதான். ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: கேள்வி எழுந்த நேரம், பதில் வந்த நேரம், பதில் எப்படி வந்தது. பூட்டிய அறையின் சாவி எங்கே, தோட்டக்காரர் ஏன் ஓடினார், போனில் பேசியது யார் என்று ஒவ்வொன்றையும் எழுதி நிரப்பினால், பதில் வராத கேள்விகள் தானாகவே காலியாக நிற்கும். திசைதிருப்பலுக்காகக் கிளப்பிவிட்ட சந்தேகத்துக்கும் பதில் வேண்டும். தோட்டக்காரர் கொலையாளி இல்லை என்பது மட்டும் பதில் ஆகாது. அவர் அன்றைக்கு ஏன் ஓடினார்?

மூன்றாவது நெடுவரிசைதான் கதாசிரியரின் தரத்தைச் சொல்லும். அதில் "துப்பறிபவர் யோசித்தார்", "இரண்டு வாக்குமூலங்களை ஒப்பிட்டார்" என்று வந்தால் நல்ல கதை. "சிசிடிவியில் தெரிந்தது", "ஒருவர் தானாக வந்து சொன்னார்", "கொலையாளியே ஒப்புக்கொண்டார்" என்பவை பாதிக்கு மேல் இருந்தால், அந்தப் படத்தில் துப்பறிதல் நடக்கவே இல்லை. துப்புகள் அவரைத் தேடி வருகின்றன. கதாநாயகன் எவ்வளவு வேகமாக நடந்தாலும், பின்னணி இசை எவ்வளவு முழங்கினாலும் இது மாறாது.

அதே தாளின் பின்பக்கத்தில் குற்றம் நடந்த வரிசையில் சம்பவங்களை எழுதிப் பாருங்கள். படம் முன்னும் பின்னுமாகச் சொன்னதை நேர்க்கோட்டில் வைத்தால் ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். சாயங்காலம் 6 மணிக்குச் சென்னையில் இருந்தவர் அன்றிரவு 10 மணிக்குக் கோயம்புத்தூரில் காரில் வந்து இறங்கினால், நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் இருக்கிறது. எவ்வளவு விரட்டினாலும் ஏழெட்டு மணி நேரம் ஆகும். விமானத்தில் வந்தார் என்றால் அவர் பெயர் பயணிகள் பட்டியலில் இருக்கும். அதைப் போலீஸ் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி வரும். படம் காட்டியதையே படம் மறுத்தால் அது ஓட்டை. காட்டாமல் விட்டதை நாமே ஊகித்துக்கொள்ள முடிந்தால் அது இடைவெளிதான், ஓட்டை ஆகாது. இரண்டையும் "லாஜிக் மீறல்" என்று ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

தனிமைக் காட்சிகளை விடாமல் சோதியுங்கள். கொலையாளி அறையில் தனியாக இருக்கிறார். மரணச் செய்தி கேட்டு அதிர்ச்சியில் உட்காருகிறார், அழுகிறார். பக்கத்தில் யாரும் இல்லை. யாருக்காக நடிக்கிறார்? நமக்காகத்தான். இதைவிடத் தெளிவான ஏமாற்று வேலை கிடையாது. நல்ல இயக்குநர் அந்த இடத்தில் முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டுவார், அல்லது இரண்டு விதமாகவும் பொருள்படும் ஒரு முகபாவத்தை நடிகரிடமிருந்து வாங்குவார். துருவங்கள் பதினாறு (2016) போன்ற படத்தை இரண்டாம் தடவை பார்க்கும்போது கிடைக்கும் இன்பம் இங்கேதான் இருக்கிறது: முதல் தடவை ஒரு பொருள் தந்த பார்வை, இப்போது வேறு பொருள் தரும்.

முகமூடி உருவத்தையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மழைக்கோட்டும் தொப்பியுமாக வருபவர் பெரும்பாலும் சண்டைக் கலைஞராகத்தான் இருப்பார். கடைசியில் வெளிப்படும் ஆளின் உயரம், தோள் அகலம், நடை, எந்தக் கையால் கத்தியைப் பிடிக்கிறார் என்பவை அந்த உருவத்தோடு பொருந்துகின்றனவா? அரை அடி வித்தியாசம் இருந்தால் அது மறைப்பு இல்லை, மோசடி. பிறகு ஒரு முக்கியக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சந்தேகம் முழுக்கப் பின்னணி இசையால் மட்டுமே உண்டாக்கப்பட்டிருந்தால், ஒலி போனதும் அங்கே இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருப்பது மட்டும் தெரியும்.

சட்டம், போலீஸ், மருத்துவம் பற்றிய தவறுகளில் விமர்சகர்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். சிலர் கண்டுகொள்வதே இல்லை. சிலர் எல்லாவற்றையும் பட்டியல் போடுகிறார்கள். கதையின் முடிச்சு அந்தத் தவற்றின் மேல் தொங்கினால் மட்டும் எழுதுங்கள் என்பது என் கருத்து. அதற்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 என்பது வசனமாகவே ஊறிப்போனது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின் அது பிரிவு 103. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த கொலைக்குப் பழைய 302-தான். ஆகவே கதையில் கொலை நடந்த தேதியைப் பார்க்காமல் தவறு என்று எழுதிவிடக் கூடாது. சந்தேக மரணத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194 ஆகிவிட்டது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. அந்த வாக்குமூலத்தை வைத்துக் கத்தியையோ நகையையோ கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். எனவே ஸ்டேஷனில் உதைத்து வாங்கிய ஒப்புதலோடு "கேஸ் முடிந்தது" என்று எழுந்துபோகும் க்ளைமாக்ஸ் உண்மையில் எதையும் முடிக்கவில்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு. அதை மீறுவது கதையில் வரலாம், ஊரிலும் நடக்கிறது. அது மீறல் என்று படத்துக்குத் தெரிந்திருக்கிறதா, இல்லை வீரமாகக் கொண்டாடுகிறதா என்று பாருங்கள். உண்மை கண்டறியும் ஊசியும் அப்படித்தான்: 2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சீருடையில் ஒரு சின்னக் குறிப்பு. தோளில் மூன்று நட்சத்திரமும் சிவப்பு நீலப் பட்டையும் இருந்தால் இன்ஸ்பெக்டர். பட்டை இல்லாமல் மூன்று நட்சத்திரம் என்றால் டி.எஸ்.பி.; இரண்டு நட்சத்திரமும் பட்டையும் சப்-இன்ஸ்பெக்டர். யார் யாருக்கு சல்யூட் அடிக்கிறார் என்பதில் குளறுபடி இருந்தால் படக்குழு ஒரு ஸ்டேஷனுக்குள்ளும் போய்ப் பார்க்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

போஸ்ட்மார்ட்டம் டாக்டர் "சரியாக 10.40-க்கு இறந்திருக்கிறார்" என்று சொன்னால் அது கற்பனை. உடல் விறைப்பு இறந்த சில மணி நேரத்தில் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுதும் பரவி, பிறகு தளரும். வெயில் காலத்தில் எல்லாமே வேகமாக நடக்கும். டாக்டரால் ஒரு கால இடைவெளியைத்தான் தர முடியும். அந்த இடைவெளிக்குள் யாருக்கெல்லாம் வாய்ப்பு இருந்தது என்று யோசிக்கும் கதை, நிமிடத்தைச் சொல்லும் கதையைவிடச் சுவையானது. கைக்குட்டையில் குளோரோஃபார்ம் வைத்து மூன்று நொடியில் மயக்குவதும் நடக்காது; பல நிமிடம் ஆகும். செல்போன் டவர் விவரம் ஒருவர் எந்த அறையில் நின்றார் என்று சொல்லாது. நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர் வட்டத்தைத்தான் காட்டும்.

தொடர்களுக்கு வேறு சில பாடங்கள் உண்டு. எட்டு எபிசோடு தொடரில் மூன்றாவது எபிசோடு முடிவில் ஒருவரைக் கைது செய்தால், அவர் நிரபராதி என்று கடிகாரமே சொல்லிவிடும். நல்ல எழுத்தாளர்கள் இதை அறிந்து, அந்தக் கைதை வேறு எதற்காவது பயன்படுத்துவார்கள்: ஒரு குடும்பம் உடைவதைக் காட்ட, ஊரின் முகத்தைக் காட்ட. பெரும்பாலான தொடர்கள் தொய்வது நான்கிலிருந்து ஆறு வரை. அந்த எபிசோடுகளில் ஒவ்வொன்றும் புதிதாக என்ன சொன்னது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். வரி கிடைக்காத எபிசோடு நீட்டிப்புதான். நேரத்தைக் கட்டிப்போட ஒரு திருவிழாவையோ மழையையோ பயன்படுத்துவது நல்ல உத்தி. சுழல் தொடரின் முதல் பாகத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா அப்படி நாட்களை எண்ணிக்கொண்டே போகிறது.

தொடர்கள் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும் இடங்களையும் கவனியுங்கள். எபிசோடு தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்தில், மூன்று எபிசோடுக்கு முன் வந்த ஒரு சாதாரணக் காட்சி திடீரென்று இடம்பிடித்தால் இன்று அதுதான் வெடிக்கப்போகிறது. காது கேளாதோருக்கான சப்டைட்டிலில், இருட்டில் பேசும் குரலுக்கு முன்னால் பாத்திரத்தின் பெயரே வந்துவிடும். எபிசோடு தலைப்பு, முகப்புப் படம், பெயர் வரிசை எல்லாம் கசியும். இந்தக் கசிவுகளைப் படைப்பாளியின் தவறாக எழுத வேண்டாம். ஆனால் "முன்கதைச் சுருக்கத்தைத் தாண்டிவிடுங்கள்" என்று வாசகருக்கு ஒரு வரி சொல்லலாம். உண்மையான உதவி அது. விமர்சகர்களுக்கு முதல் சில எபிசோடுகளை மட்டுமே முன்கூட்டித் தரும் வழக்கமும் உண்டு. அப்படியானால் எத்தனை பார்த்து எழுதுகிறோம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். முடிவைப் பார்க்காமல் ஒரு மர்மத் தொடருக்கு மதிப்பெண் போடவே கூடாது.

இனி எழுதுவது. கதைச் சுருக்கத்தைப் படத்தின் முதல் 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள். தொடரென்றால் முதல் எபிசோடோடு. 800 சொல் விமர்சனத்தில் சுருக்கத்துக்கு 120 சொல் ஏராளம். டிரெய்லரில் வந்ததுதானே என்று சொல்லிக்கொண்டு மேலே போகாதீர்கள். டிரெய்லரை வேண்டுமென்றே பார்க்காமல் வருபவர்கள் இந்த வகை ரசிகர்களில் நிறைய. "கடைசி 20 நிமிடம் சீட் நுனி" என்றால், அதுவரை நடப்பதெல்லாம் பொய் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். "யாரும் சந்தேகப்படாத ஆள்" என்றால் சந்தேகத்துக்குரியவர்களை எல்லாம் விடுவித்துவிட்டோம். "இவ்வளவு பெரிய நடிகருக்கு இவ்வளவு சின்ன வேடமா" என்று வியந்தால் கைவிலங்கே மாட்டியாயிற்று. இறந்துபோனவரைப் பற்றி எழுதும்போது வினைச்சொல்லையும் பாருங்கள். "அவர் காணாமல் போகிறார்" என்று எழுத வேண்டிய இடத்தில் "கொல்லப்படுகிறார்" என்று எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

கொலையாளியாக நடித்தவர் அற்புதமாக நடித்திருந்தால் எப்படிப் பாராட்டுவது? முதல் பாதியில் அவர் செய்ததை மட்டும் வைத்துப் பாராட்டுங்கள். அதே அளவு இடத்தை இன்னும் மூன்று பேருக்கும் கொடுங்கள். "விசாரணைக் காட்சிகளில் நான்கு பேருமே கண்ணை எங்கே வைப்பது என்பதில் கவனமாக இருக்கிறார்கள்" என்று எழுதினால் பாராட்டும் போய்ச் சேரும், இரகசியமும் பிழைக்கும். முடிவைப் பேசியே தீர வேண்டுமென்றால் விமர்சனத்தை இரண்டாக வெட்டி, நடுவில் படத்தின் பெயரோடு தெளிவான எச்சரிக்கை போட்டு, பின்பகுதியில் எழுதுங்கள். எச்சரிக்கைக்கு அடுத்த வரியிலேயே பெயரைச் சொல்லிவிடாதீர்கள். கண் தானாக இரண்டு வரி கீழே போய்விடும். முதல் பத்தியைப் பொதுவாக வைத்து, இரண்டாவது பத்தியில் விஷயத்துக்கு வாருங்கள்.

முடிவு எப்படி வந்தது என்பதைப் போலவே, அது யார்மேல் பழியைப் போடுகிறது என்பதும் விமர்சனத்துக்குரியது. இதைச் சொல்வதற்கு, எச்சரிக்கைக்குப் பின் முடிவைப் பேசும் அந்த ஸ்பாய்லர் பகுதி கட்டாயம் வேண்டும். உடல் குறை, மனநோய், பாலின அடையாளம் இவற்றையே கொலைக்குக் காரணமாக்கி, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒரு சோக ஃபிளாஷ்பேக் ஓட்டும் பழக்கம் நம்மிடம் நிறைய. "மிரட்டலான வில்லன்" என்று அதைத் தாண்டிப் போகக் கூடாது. ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரையாகக் காட்டும் கதைகளில் இன்னும் கவனம் வேண்டும். சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய, 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த மண்ணில் என்ன செய்தது என்பதற்கு, 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடு சாட்சி. அந்தச் சட்டம் நாடு முழுக்க ஒழிந்தது 1952-ல்தான். சட்டம் போனபிறகும் திரையில் அந்தப் பார்வை தொடர்ந்தால், அதை எடுத்துச் சொல்வது விமர்சகரின் வேலை.

உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்தவற்றுக்குச் சட்டப் பொறுப்பும் சேர்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 72, குழந்தையாக இருந்தால் போக்சோவின் பிரிவு 23-ம் உண்டு. படம் பெயரை மாற்றி வைத்திருக்கும்போது, "இது இன்ன ஊர் இன்னார் வழக்கு" என்று நாம் அவிழ்த்துக் காட்டக் கூடாது. வழக்கு நடந்துகொண்டிருந்தால் குற்றம் சாட்டப்பட்டவர் என்றே எழுத வேண்டும், படம் அவரைக் கொலைகாரராகக் காட்டினாலும். தென்கொரியாவின் ஹ்வாசோங் தொடர் கொலைகளை அடிப்படையாக வைத்து 2003-ல் பொங் ஜூன் ஹோ படம் எடுத்தபோது குற்றவாளி யார் என்று தெரியாது. 2019-ல் டி.என்.ஏ. மூலம் தெரியவந்தது. அதே கொலைகளில் ஒன்றுக்காகச் சுமார் 20 வருடம் சிறையில் இருந்த வேறொருவர் 2020-ல் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். நடந்த வழக்கைப் பற்றித் திரையை நம்பித் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

வன்முறை பற்றிய குறிப்பை விமர்சனத்தின் அடியில் தனியாக வையுங்கள். "குழந்தைகள் மீதான வன்முறை, பாலியல் வன்முறை, தற்கொலை பற்றிய காட்சிகள் உண்டு" என்று வகையாகச் சொன்னால் போதும். யாருக்கு, எப்போது என்பது வேண்டாம். தணிக்கைச் சான்றிதழில் இப்போது யு/ஏ 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறார்கள். அதையும் குறிப்பிடலாம்.

எழுதி முடித்ததும், படத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். இந்த வகைக் கதைகளில் ஊறியவராக இருந்தால் நல்லது. படித்துவிட்டு, கொலையாளி யார் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் எந்த வரியால் தோன்றியது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் விரல் வைப்பது நடிகர்களைப் பற்றிய பத்தியில்தான். அந்த வரியை மட்டும் நீக்கினால் அந்த இடத்தில் தெரியும் வெற்றிடமும் காட்டிக்கொடுக்கும்; பத்தி முழுவதையும் மறுபடி எழுதி, வேறு ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.